மரவள்ளித் தாளும் தை மாதக் கல்யாணமும்

உன் கடிதம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. உன் அம்மாதான் வாங்கினாள். வாசலிலேயே நின்று பிரித்துப் படித்துவிட்டு, உள்ளே வந்து என் மடியில் போட்டாள். "உங்க புள்ள எழுதியிருக்காரு, படிச்சிப் பாருங்க" என்றாள். நீ நல்ல சேதி எழுதினால் அவளுக்கு நீ நம்ம புள்ள. மற்ற நாளெல்லாம் என் பிள்ளை. அவள் சொன்ன தோரணையிலேயே விஷயம் சுகமில்லை என்று தெரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். இன்னொரு முறையும் படித்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அம்மா முறைத்தாள். நீயும் கோபித்துக்கொள்ளாதே. நீ மனம் நொந்து எழுதியதைப் படித்து நான் சிரித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏன் சிரித்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதில்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்வோம். மண்ணில் போட்டால் மக்கிப் போகிற பிளாஸ்டிக் ஒன்றை மாவுச்சத்திலிருந்து செய்ய வேண்டும், அதுதான் உன் ஆராய்ச்சி. வெறும் மாவுச்சத்தைக் காய்ச்சி ஊற்றிக் காயவைத்தால் தாள் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. வளைந்து கொடுக்கட்டும் என்று கிளிசரின் சேர்த்தாய். வளைந்தது, ஆனால் இந்த ஐப்பசி மழையில் சென்னைக் காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்துப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. கிளிசரினைக் குறைத்தால் மறுபடி உடைகிறது. நன்றாக வந்த தாளும் சில வாரம் அலமாரியில் இருந்தால் விறைத்துப் போகிறது. உன் பேராசிரியர் வேறு, "பாலிதீன் இவ்வளவு சல்லிசா கிடைக்கறப்ப இது யாருக்குய்யா வேணும்?" என்று கேட்டுவிட்டார். ஆக, உன் உழைப்பெல்லாம் வீண் என்று முடிவு கட்டிவிட்டாய். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு தாளை ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன் ஒரு பெண்ணை எப்படிக் காப்பாற்றுவான், ஆகவே தையில் வைத்திருக்கிற கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிப் போடுங்கள், பட்டம் வாங்கி ஒரு வேலையில் உட்கார்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், கீழ்பென்னாத்தூர் போய் ஜெயந்தி வீட்டில் பக்குவமாகச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று எனக்கு உத்தரவும் போட்டிருக்கிறாய். அந்த வீட்டுக் கூடத்தில் ஊரார் முன்னிலையில் உட்கார்ந்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டவன் நான். பக்குவமாகச் சொல்வதாம்! எந்தப் பக்குவத்தில் சொன்னாலும் அடி என் முதுகில்தான் விழும்.

நீ மாவுச்சத்தை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டதாக வந்து சொன்ன அன்று நானும் உன் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோமே, நினைவிருக்கிறதா? "இன்னாத்துக்குச் சிரிக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்று மழுப்பிவிட்டோம். அப்பன் விட்ட இடத்திலிருந்து பிள்ளை பிடிக்க வேண்டும் என்கிற பாரத்தை உன் தலையில் ஏற்ற வேண்டாம் என்று எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம். இப்போது நீயே எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பத் தயாராகிவிட்டதால் சொல்வதில் தப்பில்லை. நீ இன்றைக்கு உடைத்துக்கொண்டிருக்கிற அதே தாளை, உனக்கு நாலு வயதாக இருந்தபோது நானும் உன் அம்மாவும் வேண்டிய மட்டும் உடைத்திருக்கிறோம். நாங்கள் செய்த முதல் தாளைத் தின்றவனே நீதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் இதே ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். வேங்கிக்கால் பக்கம் குடியிருந்தோம். இப்போது அங்கே மனை பிரித்து வரிசையாக வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. அப்போது எங்கள் கொல்லைப்படலைத் திறந்தால் நேராக நெல் வயல். உன் அம்மாவுக்குச் சும்மா இருக்க வராது. கொல்லையில் பப்பாளிக் கன்று வளர்த்துக் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பாள். பப்பாளி கொஞ்சம் வீம்பு பிடித்த செடி. வேரைத் தொட்டுவிட்டால் ரோஷம் வந்துவிடும், பிடுங்கி நட்டால் பாதி பிழைக்காது. அதனால் விதையைத் தனித்தனிப் பையில் போட்டு வளர்ப்பாள். பாலிதீன் பை அப்போதுதான் நம் பக்கம் தலைகாட்டியிருந்தது. பார்க்க அழகுதான், ஆனால் நடும்போது அதைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். வாங்கிப் போகிறவர்களில் சில பேர் பையோடு குழியில் இறக்கி மண்ணைத் தள்ளிவிடுவார்கள். வேர் வெளியே வர வழியில்லாமல் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் செத்துப்போகும். இன்னும் சில பேர் பையைக் கிழிக்கிற வேகத்தில் வேரையும் சேர்த்துக் கிழித்துவிடுவார்கள். செடி பட்டுப்போனதும் நேராக நம் வீட்டுக்கு வந்து, "இன்னாம்மா, நீ குடுத்த கன்னு ஒண்ணும் தேறலியே" என்று நிற்பார்கள். உன் அம்மாவுக்கு அதைத் தாங்க முடியாது. அன்று முழுக்க முகம் வாடிக்கிடப்பாள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி அதற்குள் சில வருஷம் ஓடிவிட்டிருந்தது, நீயும் பிறந்து ஓடியாடிக்கொண்டிருந்தாய், ஆனால் எனக்கும் உன் அம்மாவுக்கும் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சண்டையில்லை. சாப்பிடுகிறீர்களா, சரி. மழை வரும் போலிருக்கிறது, ஆமாம். இவ்வளவுதான் எங்கள் சம்பாஷணை. வாத்தியார் படித்தவர், அவரிடம் நமக்கென்ன பேச்சு என்று அவள் இருந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வந்தவனுக்கு வீட்டிலாவது அமைதி கிடைக்கிறதே என்று நானும் இருந்துவிட்டேன். அது குறை என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. அப்படி இருக்கையில் ஒரு முழுப் பரீட்சை லீவில், கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே உன் அம்மா சொன்னாள்: "மண்ணுல வெச்சா தானா கரைஞ்சி பூடற மாதிரி ஒரு பை இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்." என்னிடம் சொல்லவில்லை, கீரையிடம் சொன்னாள். நான் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தேன். என் பாடத்திலிருந்து ஒரு கேள்வியை என் வீட்டுக்குள் யாரோ கேட்டது அதுதான் முதல் தடவை.

மாவுச்சத்திலிருந்து கண்ணாடி மாதிரித் தாள் செய்யலாம் என்று நூலகத்தில் ஏதோ ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். மறுநாளே மரவள்ளிக் கிழங்கு மாவு வாங்கி வந்தேன். தேரடித் தெருவில் சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்குப் போய், வெட்டிப்போட்ட கண்ணாடித் துண்டுகள் கேட்டேன். "எந்த சாமிக்கு சார்?" என்றார் கடைக்காரர். பப்பாளிக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு முருகன் என்று சொல்லிவிட்டேன். மாவைக் கரைத்துக் கூழாகக் காய்ச்சிக் கண்ணாடியில் ஊற்றி மொட்டைமாடியில் வைத்தோம். சித்திரை வெயில், சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. அப்படி ஒரு தாளை நான் பார்த்ததே இல்லை, அதன் வழியாக நம் ஊர் மலை தெரிந்தது. உன் அம்மா ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். மடேரென்று பல துண்டாகிவிட்டது. அவற்றில் ஒரு துண்டை நீ எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "உப்பு இல்ல" என்று தீர்ப்புச் சொன்னாய்.

ஏன் உடைகிறது என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாவுச்சத்தின் இழைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. நடுவில் சின்னதாக ஒன்று புகுந்து உட்கார்ந்தால் பிடி கொஞ்சம் தளரும், இழைகள் நகர இடம் கிடைக்கும், தாள் வளையும். கிளிசரின் அதைச் செய்யும் என்று எனக்கும் அப்போது தெரியும். உன் அம்மாவுக்கு வாய்ப்புண் வந்தபோது மருந்துக் கடையில் வாங்கிய கிளிசரின் சீசா அலமாரியில் இருந்தது. அடுத்த தாள் காய்ந்ததும், வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவனாயிற்றே என்கிற மிதப்பில், பஞ்சில் தொட்டுத் தாளின் மேல் முழுக்கத் தடவிவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் மொட்டைமாடியில் உள்ள எறும்பெல்லாம் விருந்துக்கு வந்திருந்தது. தாள் மேலே பிசுக்கு, உள்ளே பழைய முரட்டுத்தனம். தொட்டதும் உடைந்தது. கிளிசரின் மேலேயே நின்றுவிட்டது, உள்ளே போகவே இல்லை. கூழ் அடுப்பில் கொதிக்கும்போதே, இழைகள் பிரிந்து தளதளவென்று இருக்கும்போதே அதைச் சேர்த்துக் கிண்டியிருக்க வேண்டும். எல்லாம் காய்ந்து கெட்டியான பிறகு மேலே பூசுவதால் எறும்புக்குத்தான் லாபம். இதை உன் ஆராய்ச்சிக்காகச் சொல்லவில்லை. பட்டம் வாங்கி, வேலை வாங்கி, எல்லாம் இறுகிக் கெட்டியான பிறகு ஒரு பெண்டாட்டியைச் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறாயே, அதற்காகச் சொல்கிறேன்.

சரி, உபதேசத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கதைக்கு வருகிறேன். கொதிக்கிற கூழிலேயே கிளிசரின் விட்டுக் கிண்டியதும் தாள் வளைந்தது. டம்ளரைச் சுற்றி ஒட்டி, அடியை மடித்துக் கூழாலேயே பசை போட்டால் கன்றுக்கு ஏற்ற பை. உன் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவளுக்கு இவ்வளவு சிரிப்பு உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் அந்தச் சீசா அதோடு காலி. மறுபடி வாங்கி வர நான் கடைத்தெருவுக்குப் போயிருந்த சமயம் பார்த்து உன் பெரியம்மா வந்திருக்கிறாள். மாடியில் ஒரு அண்டா நிறையக் கூழ் ஆறிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சித்திரை மாதம், மாடி, கூழ் என்றால் நம் பக்கத்துப் பெண்ணுக்கு வேறு என்ன தோன்றும்? தங்கை வற்றல் போடுகிறாள், பாவம், உப்பு போட மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, உப்பும் சீரகமும் அரைத்த பச்சை மிளகாயும் போட்டு நன்றாகக் கிண்டி வைத்துவிட்டு, மோர் குடித்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டாள். யாரிடமும் சொல்லக்கூட இல்லை. நான் திரும்பி வந்து அந்தக் கூழில் கிளிசரின் விட்டு, மறுபடி கொதிக்கவைத்து, ஊற்றிக் காயவைத்தேன். நெடி மூக்கில் ஏறியது. அடுத்த வீட்டில் யாரோ தாளிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தாள்தான் அதுவரை செய்ததிலேயே பிரமாதமான தாள். வெயிலில் வைத்தாலும் துணி மாதிரி மடங்கியது. உள்ளே சீரகம் தெரிந்ததைப் பார்த்துத்தான் உண்மை விளங்கியது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொண்டு தாளைக் காயவிடாமல் செய்கிறது என்று நான் உன் அம்மாவுக்குப் பெரிய பிரசங்கம் செய்தேன். கிளிசரினே வேண்டாம், உப்பே போதும் என்று முடிவு செய்து மிளகாய் சீரகம் இல்லாமல் ஒரு ஈடு பை செய்து, மண் நிரப்பி, விதை போட்டோம். முளை வந்தது. நாலு இலை விட்டதும் எல்லா இலையும் ஓரம் கருகியது. ஒரு வாரத்துக்குள் மொத்தமும் சுருண்டுவிட்டது. உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "எம் பப்பாளிய ஊறுகா போட்டுட்டீங்களே, படிச்ச மனுஷன் பண்ற வேலையா இது?" கல்யாணமான நாள் முதல் அவள் என்னைத் திட்டியது அதுதான் முதல் முறை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஆனந்தமாக இருந்தது. திட்டுகிற அளவுக்கு என்னைத் தன் மனுஷனாக நினைத்துவிட்டாளே என்று இருந்தது. பதிலுக்கு நானும் கத்தினேன். "உங்க அக்காவைக் கேளு" என்றேன். அன்று பகல் முழுக்கச் சண்டை போட்டோம். சாயங்காலம் ரெண்டு பேருமாகப் புதுக் கூழ் காய்ச்சினோம்.

அதற்கப்புறம் நாங்கள் செய்த கோணங்கித்தனத்துக்கு அளவில்லை. கிளிசரினை ஜாஸ்தி ஊற்றினோம், பை வியர்த்தது. கம்மி பண்ணினோம், விரிசல் விட்டது. தண்ணீர் தாங்கட்டும் என்று விளக்கெண்ணெய் ஊற்றினோம், அது கூழோடு சேர மறுத்துத் திட்டுத்திட்டாக நின்றது. தாளுக்கு உறுதி வேண்டும் என்று மல்லாட்டைக் கடலைத் தோலைப் பொடித்துத் துணியில் சலித்துப் போட்டோம், தாள் விறைப்பாக நின்றது ஆனால் சொரசொரவென்று ஆகிவிட்டது. தேங்காய் நாரை நறுக்கிப் போட்டதும்தான் கிழியாமல் தாங்கியது. நனைந்த பையில் பூஞ்சணம் பிடித்துக் கருத்தது. அதற்கு மஞ்சள் தூள் போடலாம் என்று உன் அம்மா சொன்னாள், எனக்கும் சரியென்று பட்டது, போட்டோம். பூஞ்சணம் குறைந்தது. கொல்லை முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் பை. யார் வீட்டில் விசேஷம், தாம்பூலப் பையா என்று தெருவில் போகிறவர்கள் நின்று விசாரித்தார்கள். ஒன்றைச் சேர்த்தால் ஒன்று சரியாகும், இன்னொன்று கெடும். எதையும் மற்றதைக் கேட்காமல் சேர்க்க முடியாது. நீ இன்றைக்கு மாட்டிக்கொண்டிருப்பதும் இதில்தான். எல்லாவற்றையும் ஒரே சேர்மானத்தில் சரிக்கட்டப் பார்க்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. கிளிசரினைக் குறைத்து நாரைச் சேர்த்துப் பார்த்தாயா? ஈரத்தை இவ்வளவு குடிக்காத வேறு ஏதாவதை அதோடு பாதிக்குப் பாதி போட்டுப் பார்த்தாயா? பள்ளிக்கூட வாத்தியார் கேட்கிற கேள்வி, பிடித்தால் எடுத்துக்கொள், இல்லையென்றால் விட்டுவிடு.

கடைசியில் தேறிய பைகளில் வளர்ந்த கன்றுகளைக் கோவிந்தசாமி என்கிற விவசாயி வாங்கிப் போனார். ஒரு கூடையில் நெருக்கமாக அடுக்கி பஸ் மேலே ஏற்றினோம். பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கோடை மழை கொட்டித் தீர்த்தது. உன் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போச்சிங்க, எல்லாம் போச்சி" என்றாள். போகத்தான் போயிற்று. இறக்கும்போது பையெல்லாம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கூடை முழுக்க ஒரே மஞ்சள் களியாக இருந்ததாம். கண்டக்டர், "இன்னாய்யா, பஸ்சு மேல கேசரி கிண்டி எடுத்தாந்திருக்க?" என்று கேட்டாராம். அந்த மனுஷர் திரும்பி வந்து சண்டை போடுவார் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாதம் தெருவில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு மாதம் கழித்து வந்தார். உன் அம்மா சட்டென்று என் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அவரோ சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். "பையி போனா போவுது சார். பர்ஃபி வெட்ற மாதிரி கத்தியால மண்ணோட வெட்டி வெச்சேன். ஒரு கன்னு கூட சாவல. அத்தினியும் துளுத்துடுச்சி. இன்னும் வேணும், இருக்குதா?" என்றார்.

அவர் போன பிறகு நான் வெகுநேரம் யோசித்தேன். நாங்கள் பை கெட்டுப்போகக் கூடாது என்றே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் அது கெட்டுப்போவதற்காகவே செய்த பை. அது என்றைக்குக் கெட வேண்டும் என்பது ஒன்றுதான் கேள்வி. எங்கள் பை கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். பாலிதீனோடு போட்டி போட்டு ஜெயிக்கவில்லையே என்று நீ வருத்தப்படுகிறாய். பாலிதீன் சாகத் தெரியாத சாமான். நம் ஊரில் கார்த்திகை தீபத்துக்கு வருகிற கூட்டம் போன பிறகு மலையடிவாரத்தைப் போய்ப் பார், இப்போதே அங்கங்கே பறந்துகொண்டிருக்கிறது. உன் பேராசிரியர் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே முள்வேலியில் மாட்டிக்கொண்டு ஆடுகிறது. இன்றைக்கு யாருக்கும் வேண்டாம்தான். ஒரு நாள் வேண்டியிருக்கும்.

நாங்கள் ஏன் தொடரவில்லை என்று கேட்பாய். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, மழைக்காலம் வந்துவிட்டது, கூழ் காயவில்லை. இதற்கு மேல் சோகமான காரணம் எதுவும் கிடையாது. உன் அம்மா கன்றுகளைத் தொன்னையில் போட ஆரம்பித்தாள். நான் என் விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன். ஆனால் பேச்சு நிற்கவில்லை. அந்த லீவில் ஆரம்பித்த பேச்சு இன்று வரை ஓயவில்லை, உனக்கே தெரியும், சில நேரம் கொஞ்சம் ஓய்ந்தால் தேவலை என்றுகூட இருக்கிறது. ஊரைக் கூட்டித் தாலி கட்டியது ஒரு நாள். நான் உன் அம்மாவுக்குப் புருஷனானது அந்த மொட்டைமாடியில், கூழ் கிண்டிய கையோடு. பை ஜெயித்திருந்தால்கூட அவ்வளவு நெருங்கியிருப்போமா என்பது சந்தேகம். தோற்றுத் தோற்றுத்தான் சிரித்தோம், திட்டிக்கொண்டோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எனக்கு அவள் மேல் உயிர். இதை அவளிடம் நேராக நான் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை எப்படியும் அவள்தான் தபாலில் சேர்க்கப் போகிறாள், வழியில் பிரித்துப் படிக்காமல் இருக்க மாட்டாள், தெரிந்துகொள்ளட்டும்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நான் கீழ்பென்னாத்தூர் போகவில்லை. சட்டையை மாட்டுவதும் கழற்றுவதுமாகக் காலை முழுக்க ஓட்டினேன். அதற்குள் ஜெயந்தியே தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவர்கள் நிலத்தில் மல்லாட்டை பிடுங்குகிறார்களாம், பச்சையாகவே ஒரு பை நிறையக் கொண்டு வந்திருந்தாள். உன் அம்மா வேகவைத்துத் தட்டில் கொட்டினாள். எல்லோரும் உரித்துத் தின்றோம். ஜெயந்தி, தான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிற பாட்டைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். உன் அம்மா அதைப் பிடுங்கி அந்தண்டை வைத்துவிட்டு, "இவரு சொல்ல மாட்டாரு, நானே சொல்றேன்மா" என்று போட்டு உடைத்துவிட்டாள். நீ எழுதியதை ஒன்று விடாமல் சொன்னாள். தாள் உடைவது, பிசுபிசுப்பது, பேராசிரியர் கேட்டது, இரண்டு வருஷம், எல்லாம்.

அந்தப் பெண்ணின் முகம் சிறுத்துப்போனது. கையிலிருந்த மல்லாட்டையை உரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள். அழுதுவிடுவாளோ, எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தேன். உன் மேல் எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில் வந்த கோபம் வேறு எப்போதும் வந்ததில்லை. பிறகு அவள் என்னைப் பார்த்து, "மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள். "கேளும்மா."

"ரெண்டு வருஷம் கழிச்சி அந்தத் தாளு ஒடையாம வந்துடும்னு அவருக்கு நிச்சயமா தெரியுங்களா?"

நானும் செய்து பார்த்தவன். பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது" என்றேன்.

"அப்ப எதுக்குங்க மாமா காத்துக்கினு இருக்கறது? தையிலயே வெச்சிக்கலாம். ஒடைஞ்சா ஒடையட்டும், ரெண்டு பேரா பாத்துக்கறோம். ஒடையாத தாளு வந்தப்புறம் கூப்பிடறேன்னா, அப்ப அவருக்கு நான் எதுக்கு?" என்றாள். குரல் உயரவில்லை. சொல்லிவிட்டுக் குனிந்து கையிலிருந்ததை உரித்து, பருப்பைத் தம்பி கையில் வைத்தாள். உன் அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள், கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான்.

ஆகவே மகனே, உன் உத்தரவை நான் நிறைவேற்றப் போவதில்லை. இன்று காலை கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். கல்யாணம் வேண்டாம் என்று இன்னமும் உனக்குத் தோன்றினால் நீயே பஸ் ஏறி வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லு. அப்படிச் சொல்ல உன்னால் முடிந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். நேற்று சாயங்காலம் அவளையும் தம்பியையும் பஸ் ஏற்றிவிடப் போனேன். தீபத்துக்கு இப்போதிருந்தே கூட்டம், இடம் பிடித்து உட்காரவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவள் ஒன்று சொன்னாள். அதை உன்னிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்:

"மாமா, அவரு வரும்போது ஒடைஞ்ச தாளுங்களையும் எடுத்தாரச் சொல்லுங்க. தூக்கிப் போட்டுடப் போறாரு. நான் பாக்கணும்."